கற்பூரம் மணக்கும் பல்செட்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் என் புதுப் பல்செட். முறுக்கு இன்னும் கனவுதான். காபி மட்டும் தாராளமாக இறங்குகிறது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இதைக் கட்டியிருந்தால் அந்தக் காபிக்கும் பயந்திருப்பேன். பிளாஸ்டிக் பிறந்த கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் ஜான் வெஸ்லி ஹையட் என்று ஓர் அச்சுத் தொழிலாளி. தந்தத்துக்குப் பதிலாக பில்லியர்ட்ஸ் பந்து செய்யக் கிளம்பினார். 1870-இல் சகோதரர் ஐசாயாவோடு சேர்ந்து தொடங்கியதோ ஆல்பனி டென்டல் பிளேட் கம்பெனி, அதாவது பல்செட் கம்பெனி! அப்போது ரப்பர் பல்செட் காப்புரிமைக் கம்பெனி ஒன்று பல் மருத்துவர்களைக் கட்டணம் கேட்டுப் பிழிந்துகொண்டிருந்தது. வெறுத்துப்போன ஒரு மருத்துவர் 1879-இல் அந்தக் கம்பெனியின் பொருளாளரைச் சுட்டே கொன்றுவிட்டார். மாற்றுக்கு அவ்வளவு தேவை இருந்தது.

ஹையட்டின் சரக்கு என்ன தெரியுமா? அமிலத்தில் ஊறிய வெடிப்பஞ்சு, அதோடு நம் கற்பூரம். சூடேற்றி அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி அச்சுக்குள் போகும். ஆறினால் தந்தம் போல இறுகும். ஐசாயா அதற்கு வைத்த பெயர்தான் செல்லுலாய்ட். பல்செட்டில் ஒரே சங்கடம்: வாயெல்லாம் கற்பூர ருசி, சூடு பட்டால் நெளியும்!

இதே மாதிரிச் சரக்கு செய்வதில் லண்டனில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் முந்திக்கொண்டவர்தான். 1866-இல் கம்பெனி போட்டு, விலையைக் குறைக்க மட்டச் சரக்கைச் சேர்த்தார், சீப்புகள் கோணிப்போயின. இரண்டே வருஷத்தில் கடையை மூடினார். ஹையட்டுகளோ நெவார்க்குக்குக் குடிபோய், சட்டைக் காலர், சீப்பு, பொம்மை என்று விற்றுத் தள்ளினார்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும், காலரைச் சலவைக்குப் போட வேண்டாம். என் பார்வையில் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது அந்தக் காலர்தான், பந்து இல்லை. செல்லுலாய்ட் பூசிய பந்துகள் மோதும்போது சில சமயம் சின்னதாய் வெடிச்சத்தம் கேட்குமாம். கொலராடோவிலிருந்து ஒரு மதுக்கடைக்காரர் எழுதினாராம்: “எனக்கொன்றும் இல்லை, ஆனால் சத்தம் கேட்டதும் அறையில் எல்லோரும் துப்பாக்கியை உருவுகிறார்கள்.” ஹையட்டே பிற்காலத்தில் சொன்னது.

நம் விடுதி டேபிள் டென்னிஸ் பந்து விரிசல் விட்டால் கோயில் வாசனை அடிக்குமே, நீ மூக்கருகே வைத்துக்கொண்டு திரிவாயே, அதுவும் செல்லுலாய்ட்தான். 2014-லிருந்து சர்வதேசப் போட்டிகளில் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். உன் டிரங்குப் பெட்டியில் பழைய பந்து ஏதாவது கிடந்தால் எடுத்து வை, பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். பூஜை அறை விளக்குப் பக்கம் மட்டும் வைத்துவிடாதே.

அன்புடன்,
ராமு