"வெறும் ரோட்டோதானே மாமா?"

அன்புள்ள மீனாவுக்கு,

போன வாரம் நான் அனுப்பிய, ஒரு பெண் உருவம் ஆடும் பழைய கம்ப்யூட்டர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் பதில் போட்டிருந்தாய்: "இது வெறும் ரோட்டோதானே மாமா?" ரோட்டோ என்றால் ரோட்டோஸ்கோப்பிங், எடுத்த வீடியோவில் ஆளின் வெளிக்கோட்டை ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து பிரிக்கும் உன் கிராஃபிக்ஸ் வேலை. பஸ்ஸில் வரும்போது படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதைப் பற்றி நடந்த சண்டையும் இதேதான். வாட்ஸப்பிலேயே பதில் தட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் இங்கே கடிதமாகவே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒரு திருத்தம். வீடியோ என்று நான் சொன்னதே தப்பு. அது ஒரு புரோகிராம். அது ஓடும்போது யாரோ பதிவு செய்து யூடியூபில் போட்டதைத்தான் நீ பார்த்தாய். அதன் பெயர் 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்'. செய்தவர்கள் 'ஸ்பேஸ்பால்ஸ்' என்ற நார்வே நாட்டுக் குழு. வெளிவந்தது 1992 டிசம்பர் கடைசியில். ஓடியது அமிகா 500 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில். அந்த வருஷம் நான் மதுரையில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டு டிபேஸ் என்ற டேட்டாபேஸ் புரோகிராம் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் ஆடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த மாதிரிப் புரோகிராமுக்கு டெமோ என்று பெயர். விளையாட முடியாது, கணக்குப் போட முடியாது, விலைக்கு விற்பதும் இல்லை. மெஷினில் இவ்வளவு முடியுமா என்று பார்ப்பவன் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இதன் ஆரம்பம் அவ்வளவு கௌரவமானது இல்லை. எண்பதுகளில் கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்த பையன்கள் கேம்களின் பூட்டை உடைத்துப் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். உடைத்தவன் பெயர் தெரிய வேண்டாமா? கேம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் திரை வைத்தார்கள். குழுவின் பெயர், இசை, கீழே ஓடும் எழுத்தில் நண்பர்களுக்கு வணக்கம், எதிரிகளுக்கு வசவு. நம்மூரில் திருட்டுப் படத்தின் மேல் சைட்டின் பெயர் ஓடுமே, அதன் பெரியப்பா என்று வைத்துக்கொள். நாளடைவில் சிலருக்குக் கேமைவிட அந்த முன்திரைதான் பிடித்துப்போனது. பூட்டு உடைப்பதை விட்டுவிட்டு அதை மட்டும் செய்ய ஆரம்பித்தார்கள். டெமோ பிறந்தது அப்படி.

நார்வேயில் இதற்கு நல்ல உதாரணம் 'ரேஸர் 1911'. 1985-ல் மூன்று பேர் தொடங்கிய குழு. முதலில் பெயர் ரேஸர் 2992, கொஞ்ச நாளில் 1911 ஆக்கிக்கொண்டார்கள். அந்த எண்ணை உன் கம்ப்யூட்டர் கால்குலேட்டரில் ஹெக்ஸாவுக்கு (பத்துக்குப் பதில் பதினாறை வைத்து எண்ணும் முறைக்கு) மாற்றிப் பார், 777 வரும். அவர்களுடைய நகைச்சுவை அந்த ரகம். உடைப்பு வேலையையும் அந்தப் பெயர் விடவில்லை. 2001-ல் அமெரிக்க அதிகாரிகள் நடத்திய பெரிய சோதனையில் அடிபட்ட பெயர்களில் ரேஸரும் ஒன்று. திறமை இருந்தது என்பதற்காக நான் அதை நியாயப்படுத்த மாட்டேன்.

இன்னொரு குழு 'க்ரூஸேடர்ஸ்'. இவர்களுக்கு இசைதான் உயிர். இதில் டாக்டர் ஆசம் என்ற பெயரில் இசை போட்ட பியோர்ன் லின்னே பிறகு இங்கிலாந்தில் டீம்17 கம்பெனிக்குப் போய் 'வோர்ம்ஸ்' கேமுக்கு இசையமைத்தார். சின்ன வயதில் நீயும் உன் அண்ணனும் கீபோர்டுக்காக அடித்துக்கொண்ட அதே புழு கேம்தான்.

அப்போது இன்டர்நெட் வீட்டுக்கு வரவில்லை. எல்லாம் தபால். ஒவ்வொரு குழுவிலும் புரோகிராம் எழுத ஒருவன், இசைக்கு ஒருவன், படம் வரைய ஒருவன் என்று இருந்த மாதிரி, ஸ்வாப்பர் என்று ஒருவன் இருப்பான். ஃபிளாப்பிகளை உறையில் போட்டு ஐரோப்பா முழுக்க அனுப்புவதும், வருவதைப் பிரதி எடுத்து அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவதும் அவன் வேலை. தபால்தலைச் செலவு பையன்களுக்குக் கட்டுப்படியாகுமா? தபால்தலையின் மேல் மெல்லிசாகப் பசையைத் தடவி அனுப்புவார்கள். முத்திரையின் மை அந்தப் பூச்சின் மேல்தான் விழும். போய்ச் சேர்ந்ததும் துடைத்தால் தலை புதுசு. "தபால்தலையைத் திருப்பி அனுப்பு" என்று கடிதத்தில் மறக்காமல் எழுதுவார்களாம். உன் தாத்தா போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர், அவரிடம் இதைப் படித்துக் காட்டிவிடாதே.

ஃபிளாப்பியோடு ஓட்டுச் சீட்டும் போகும். சிறந்த டெமோ எது, சிறந்த இசை யாருடையது என்று எழுதி அனுப்ப வேண்டும். க்ரூஸேடர்ஸ் அவற்றை எண்ணி 'யூரோசார்ட்' என்ற பெயரில் டாப் டென் மாதிரி வெளியிட்டார்கள். அதுவும் ஃபிளாப்பியில்தான்.

சரி, நார்வேயில் ஏன் இவ்வளவு குழுக்கள்? குளிர்காலம் நீளம், இருட்டு, வெளியே போக முடியாது, அதனால் பையன்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர்களுடைய பெரிய கூட்டமே ஈஸ்டர் விடுமுறையில்தான் நடந்தது. ஈஸ்டர் என்றால் நார்வேக்காரர்கள் மலைக் குடிசைக்குப் போய்ப் பனிச்சறுக்கு ஆடுவார்கள், ஆரஞ்சுப் பழம் தின்பார்கள், துப்பறியும் நாவல் படிப்பார்கள். நாடே அப்படி மலையேறும் வாரத்தில், 1992-ல், ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோம் என்ற ஊரின் விளையாட்டு அரங்கத்தில் ஆயிரம் பேருக்கு மேல் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 'தி கேதரிங்' என்று பெயர். நடத்தியவர்கள் க்ரூஸேடர்ஸும் டெட்லைன் என்ற குழுவும். வெயில் நன்றாக அடிக்கும் வாரத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்களை இருட்டு எப்படித் துரத்தியிருக்கும்? பின்னாளில் அந்தக் கூட்டம் ஹாமார் நகருக்குப் போனது. 1994 குளிர்கால ஒலிம்பிக்கில் வேகச் சறுக்குப் போட்டி நடந்த அரங்கம் அங்கே இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி கூரை. பனியில் சறுக்குவதற்காகக் கட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் மானிட்டர்கள்!

இப்போது ஸ்பேஸ்பால்ஸுக்கு வருகிறேன். பெயரிலேயே குறும்பு தெரியும். 1987-ல் அதே பெயரில் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம் வந்தது. புரோகிராம் எழுதியவனின் புனைபெயர் லோன் ஸ்டார், அதுவும் அந்தப் படத்தின் கதாபாத்திரம்தான். இசை போட்டவன் ட்ரவோல்ட்டா. தங்களைத் தாங்களே ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்ளாத கும்பல். அந்தக் காலத்துக்கு இது முக்கியம். மற்ற டெமோக்களில் என்ன இருக்கும் தெரியுமா? சுழலும் கனசதுரம், புள்ளிகளால் ஆன பந்து, நெளியும் நிறங்கள், கீழே ஓடும் எழுத்து. உன் திரையில் எத்தனை பந்து, என் திரையில் உன்னைவிட நாலு கூட. போட்டி அந்த மட்டத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு நடுவில், டென்மார்க்கில் ஆர்ஸ் என்ற ஊரில், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் நடந்த 'தி பார்ட்டி' என்ற போட்டியில் இவர்கள் ஒரு பெண்ணை ஆட விட்டார்கள். முகம் இல்லை, உடை மடிப்பு இல்லை. தட்டை நிறத்தில் உருவம் மட்டும். டெக்னோ இசை அடிக்க அடிக்க அவள் ஆடுகிறாள், நிறம் மாறுகிறது, அவளுக்குப் பின்னால் முந்தைய ஃபிரேம்கள் நிழல்போல் தொடர்ந்து வருகின்றன. முதல் பரிசு அதற்குத்தான்.

நீ சொன்னது சரி. அது ரோட்டோதான். ஆடியதை வீடியோ எடுத்து, உருவத்தின் வெளிக்கோட்டைப் பிரித்து, புள்ளிகளாக மாற்றியிருக்கிறார்கள். நியூக் என்ற கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேரில் நீ தினமும் செய்வது. ஆனால் அந்தப் புள்ளிகளை எங்கே வைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்.

அமிகாவின் ஃபிளாப்பியில் 880 கேபி இடம். திரை 320-க்கு 256 புள்ளி. நிறமே இல்லாமல், ஒரு புள்ளி இருக்கிறது அல்லது இல்லை என்று மட்டும் எழுதி வைத்தாலும் ஒரு ஃபிரேமுக்கு 10,240 பைட். ஃபிளாப்பி முழுக்கப் படத்தையே அடைத்தாலும் 88 ஃபிரேம்தான் கொள்ளும். விநாடிக்கு 25 என்று ஓட்டினால் மூன்றரை விநாடி. இசைக்கு இடமே இல்லை, அதற்குள் ஆட்டமும் முடிந்தது.

அப்புறம் இப்படி யோசித்துப் பார். வெளிக்கோட்டுக்கு 50 பாயின்ட், ஒன்றுக்கு 4 பைட். ஃபிரேமுக்கு 200 பைட். அதே ஃபிளாப்பியில் நாலாயிரத்து ஐந்நூறு ஃபிரேம், அதாவது மூன்று நிமிஷம். எண்கள் நான் உனக்காகப் போட்டுப் பார்த்தவை, அவர்கள் எத்தனை பாயின்ட் வைத்தார்கள் என்பது வேறு விஷயம். இசைக்கும் புரோகிராமுக்கும் இடம் போக மிச்சத்தில்தான் ஆட வேண்டும். ஆனால் வழி இதுதான்: படத்தை வைக்காதே, ஓரத்தை வை.

வைத்தால் போதுமா, ஓடும்போது மறுபடி வரைய வேண்டுமே. அமிகாவின் பிராசஸர் சுமார் 7 மெகாஹெர்ட்ஸ். உன் கைக்கடிகாரம் இதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் உள்ளே பிளிட்டர் என்று ஒரு பகுதி உண்டு. இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு போடும், மூடிய வடிவத்துக்குள் நிறமும் நிரப்பும். நிரப்பும் முறை வேடிக்கையானது. ஒவ்வொரு வரியாக ஓரத்திலிருந்து போகும். ஒரு கோட்டைத் தொட்டால் நிறத்தைத் திறக்கும், அடுத்த கோட்டைத் தொட்டால் மூடும். அதனால் எந்த வரியிலும் கோடு ஒற்றைப் புள்ளியாகத்தான் இருக்க வேண்டும். எங்காவது ஒரு புள்ளி விட்டுப்போனால் மூடுவதற்கு ஆள் இல்லை, நிறம் ஒழுகித் திரையின் ஓரம் வரை ஒரு கோடாக ஓடிவிடும். உன் ஷேப் ஒழுங்காக மூடவில்லை என்றால் க்யூசியில், அதாவது தரச் சோதனையில், திரும்பி வரும். இவர்களுக்கு அரங்கத்தின் பெரிய திரையில், எல்லோர் முன்னாலும், நடனக்காரியின் இடுப்பிலிருந்து ஒரு கோடு நீளும்.

அந்த நிழல் எப்படி வந்தது என்று கேட்பாய். அமிகாவின் திரை பல அடுக்குகளால் ஆனது, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த டிரேஸிங் பேப்பர் மாதிரி. ஒரு அடுக்கில் இப்போதைய ஃபிரேம், அடுத்ததில் அதற்கு முந்தையது, அதற்கடுத்ததில் இன்னும் பழையது. புதிதாக ஒன்றை வரைந்து மற்றவற்றை இடம் மாற்றிவிட்டால் போதும். வேலை ஒரு உருவத்துக்கு, தெரிவது நாலு.

இதற்குத்தான் திட்டு விழுந்தது. புரோகிராம் எழுதுபவர்களின் வாதம் இது: டெமோ என்றால் எல்லாவற்றையும் மெஷின் அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டு வரைய வேண்டும். ஏற்கெனவே எடுத்த அசைவைத் திருப்பிப் போடுவது வெறும் அனிமேஷன் பிளேயர், ஏமாற்று வேலை. உன் "வெறும்" இருக்கிறதே, அதே "வெறும்". பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். கணிதம் என்று பார்த்தால் சுழலும் கனசதுரத்தில் வேலை அதிகம். ஆனால் அந்தக் கனசதுரத்தை இன்றைக்கு யார் தேடிப் பார்க்கிறார்கள்?

உன் வேலையில் நீ போட்ட ஓரம் கடைசிப் படத்தில் தெரியக்கூடாது. தெரிந்தால் தப்பு. அந்த அரங்கத்தில் ஓரத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லை. உள்ளே ஆள் கிடையாது, பின்னால் காட்சி கிடையாது. அதைப் பார்த்துத்தான் கை தட்டினார்கள். அன்றைக்குத் தொலைபேசியில் உன் டைட்டில் கார்டு பற்றிச் சொன்னாய் அல்லவா, இருநூறு பெயரில் உன் பெயரும் வேகமாக ஓடிவிட்டது என்று? அப்போதே இதை அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த வருஷம் அதே போட்டிக்கு '9 ஃபிங்கர்ஸ்' என்ற டெமோவோடு வந்தார்கள். அதிலும் ஆட்டம்தான், வேலைப்பாடு இன்னும் கூட. இரண்டு ஃபிளாப்பி. அதுதான் மேல் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு முதலாவதுதான். இரண்டாவதில் எல்லாம் இருக்கிறது, அந்த வெறுமை இல்லை.

1994 ஏப்ரலில் அமிகாவைத் தயாரித்த கமடோர் கம்பெனியே திவாலானது. பையன்கள் பிசிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். ஈஸ்டர் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. போகப் போக டெமோ பார்க்க வருபவர்களைவிட கேம் ஆட வருபவர்கள் அதிகமானார்கள்.

யூடியூபில் பார்ப்பது போதாது. இன்றைய கம்ப்யூட்டரைப் பழைய அமிகா மாதிரி நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றைப் போட்டு, மெஷினை அமிகா 500 என்று வைத்து, மெமரியை 512 கேபியும் 512 கேபியுமாகக் கொடு. புதிய மாடலை வைத்து நான் ஒரு ராத்திரி முழுக்க வீணாக்கினேன், உன் அத்தை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். ஓடியதும் நிறுத்தி நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாகப் பார். எங்கெல்லாம் ஓரம் நடுங்குகிறது, எங்கே பாயின்ட் குறைத்துச் சமாளித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, உன் கண்ணுக்குத் தெரியும். உன் டீம் லீடர் மாதிரிக் கறாராக இருந்து, எத்தனை ஷாட் திருப்பி அனுப்புவாய் என்று எண்ணி எழுது.

அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்.

அன்புடன்,
மாமா