செனட் ஹவுஸ் பற்றிக் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கையோடு, "காமராசர் சாலையில் அந்தச் செங்கல் கட்டடம் மசூதி மாதிரியும் இருக்கு, சர்ச் மாதிரியும் இருக்கு, என்ன அண்ணா அது?" என்று கேட்டிருந்தாய். அதுதான் செனட் ஹவுஸ், பல்கலைக்கழகம் தனக்கென்று கட்டிக்கொண்ட முதல் கட்டடம்.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். செனட் ஹவுஸைக் கட்டியதோ 1874-லிருந்து 1879 வரை. அவ்வளவு காலம் சொந்தக் கட்டடம் இல்லாமல் எப்படி ஓடியது என்றால், அன்றைய பல்கலைக்கழகம் பாடமே நடத்தவில்லை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, தேர்வு வைத்துப் பட்டம் தருவதுதான் இதன் வேலை. அதனால்தான் முதலில் கட்டியது வகுப்பறைகள் இல்லை, நடுவில் தூணே இல்லாமல் நீண்டு கிடக்கும் ஒரு பெரிய மண்டபம். செனட் (பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு) கூடவும் பட்டம் வழங்கவும் அது போதுமானதாக இருந்தது.

கட்டியவர் ராபர்ட் சிஷோம் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர், பக்கத்தில் இருக்கும் மாநிலக் கல்லூரியையும் கட்டியவர். சொந்த ஊர் பாணியை அப்படியே கொண்டுவந்து இறக்காமல், பக்கத்திலேயே 1768-லிருந்து நின்ற ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைக் கவனித்து, அதற்கு ஒத்துப்போகிற மாதிரி இந்தோ-சாரசெனிக் பாணியை (இந்திய, இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் கலவை) பைசாண்டியப் பாணியோடு (கிழக்கு ரோமப் பேரரசின் தேவாலயங்களில் காணும் பாணி) கலந்தார். உனக்கு வந்த குழப்பம் அதனால்தான், தப்பில்லை. மூலைக் கோபுரங்களின் குவிமாடங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே தாழ்வாரத்துத் தூண்களைப் பார், இரண்டு உலகமும் ஒரே சுவரில் தெரியும்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1937 ஜூலையில் ராஜாஜி பிரதமராக இருந்தபோது சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது இந்த மண்டபத்தில்தான் (அன்று முதல்வரைப் பிரதமர் என்றே சொன்னார்கள்). துணை சபாநாயகராகத் தேர்வானவர் ருக்மிணி லட்சுமிபதி. எழும்பூரில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வந்த இடம் அது என்று எந்த மாணவருக்காவது சொல்லித் தருகிறார்களா?

சிதைந்து கிடந்த கட்டடத்தைப் பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டிப் புதுப்பித்தார்கள், நல்ல வேலை. ஆனால் ஒரு மாணவன் சும்மா உள்ளே போய்ப் பார்க்க முடிய வேண்டும், விழா நாளுக்காக மட்டும் கதவைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் துறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அனுமதி கிடைத்தால் காலையிலேயே போ, வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைத் தவறவிடாதே, பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்