என் உடல் நிறையோடு என் மனதையும் கேட்டவர்களுக்கு

திருகோணமலை ஊராருக்கும் உறவினருக்கும் அன்பு வணக்கம்.

நீரிழிவோடு நான் பட்ட பாட்டில் என்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நேரில் போய் நன்றி சொல்லிப் பார்த்தேன். "இதற்கெல்லாம் எதற்கு நன்றி" என்று ஒவ்வொருவரும் பேச்சை மாற்றிவிட்டார்கள். ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இதில் பெயர்கள் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கிண்ணியாவிலிருந்து வரும் என் சக ஆசிரியைக்கு. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னரே நான் மெலியத் தொடங்கிவிட்டேன். காப்பு முழங்கைவரை ஏறியது. கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் கண்டவர்களெல்லாம் "ஏன் இப்படி இளைத்துப்போனாய்?" என்றார்கள். புற்றுநோயாக இருக்கும் என்று என் காதுபடவே பேசியவர்களும் உண்டு. அவர் மட்டும் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாடத்துக்குப் பாடம் தண்ணீர்ப் போத்தலை நிரப்புகிறீர்கள், டீச்சர். நாளைக் காலை ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள், சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்குப் போவோம்" என்றார். சொன்னபடி விடியவே படகுபோல ஆடும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து காத்துநின்றார்.

நோயைக் கண்டுபிடித்த வைத்தியருக்கு அடுத்த நன்றி. என்னைப் பயமுறுத்தாமல், ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். சாப்பிட்டது சீனியாகி இரத்தத்தில் நிறைந்துதான் இருக்கிறது. அதைக் கலங்களுக்குள் விடுவதற்கு இன்சுலின் போதவில்லை. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் மிச்சச் சீனியை வெளியே விடத் தொடங்குகிறது. அதோடு தண்ணீரும் போகிறது, தாகம் எடுக்கிறது. பட்டினி கிடப்பதாக எண்ணிய உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத் தின்கிறது. மெலிவுக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும் என்று தைரொயிட்டையும் காசநோயையும் சோதித்து, இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் இன்சுலின் ஊசியைத் தொடங்கினார்.

ஊசி போடத் தொடங்கியதும் நிறை ஏறியது. போனது திரும்பி வந்ததோடு நிற்கவில்லை, முன்பு இருந்ததையும் தாண்டியது. இது மருந்தின் பிழையோ என் நாக்கின் பிழையோ அல்ல. சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்த சக்தி உடம்பிலேயே தங்குகிறது, இழந்த நீரும் திரும்புகிறது. சீனி அளவுக்கு மேல் இறங்கும்போது தின்று சமாளிக்க வேண்டியும் வருகிறது. இதை இப்போது தெளிவாக எழுதுகிறேன். அப்போது எனக்குக் கேட்டதெல்லாம், இளைத்துப்போனாய் என்ற அதே வாய்கள் "நன்றாக ஊதிவிட்டாய், சீனியைக் கவனிப்பதில்லையா?" என்றதுதான். நான் வெளியே போவதைக் குறைத்தேன். இரவில் நித்திரை இல்லை, பகலில் எழும்ப மனம் இல்லை. பிள்ளைகளின் கொப்பிகள் திருத்தப்படாமல் மேசையில் குவிந்தன. வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவது சிறு வயதிலிருந்தே என் வழக்கம். அதுவும் நின்றது.

இந்த இடத்தில்தான் கிளினிக் மிஸ்ஸி, அதாவது தாதி, வருகிறார். கிளினிக் நாளில் தராசில் ஏறி நின்றால், எழுதுபவருக்குக் கேட்கும்படி எண்ணை உரத்துச் சொல்வது பல இடங்களில் நடப்பது. வாங்கில் இருக்கும் எல்லோருக்கும் அது கேட்கும். இவர் அப்படிச் செய்வதில்லை. எண்ணைத் தானே பார்த்து, என் கிளினிக் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, பேசாமல் எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "இரவில் நித்திரை வருகிறதா, டீச்சர்?" என்று கேட்டார். நிறையைப் பற்றிக் கேட்பார் என்று பதிலோடு போன எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. அழுகைதான் வந்தது.

அவர் என்னைத் திரை மறைவில் இருத்தி இன்னொன்றும் கேட்டார். "ஊசியை விட்டுவிட்டால் மெலியலாம் என்ற நினைப்பு வருகிறதா? வருவது புதினம் இல்லை. வந்தால் என்னிடம் சொல்லுங்கள்." அந்த நினைப்பு என் தலைக்குள் சுழன்றுகொண்டுதான் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடியது என்று நான் எண்ணியிருக்கவில்லை. இன்சுலினை நிறுத்தி மெலிவது, நோய் தொடங்கியபோது உடம்பு தன்னைத் தின்ற அதே வழிதான் என்றார். இரத்தம் அமிலமாகி மயக்கத்திலும் மரணத்திலும் முடியலாம்; தப்பினாலும் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் விரைவில் கெடும். ஏசாமல், வெருட்டாமல், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மிஸ்ஸி, அந்தக் கேள்வியை நீங்களாகக் கேட்டதற்கு நான் ஆயுள் முழுதும் கடமைப்பட்டவள். நீரிழிவுக் கிளினிக் ஒவ்வொன்றிலும் தராசுக்குப் பக்கத்தில் இந்தக் கேள்விகளும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் அனுப்பிய உளவளத்துணையாளருக்கு நன்றி. அந்தக் கதவுக்கு முன்னால் நின்றால் விசர் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. அவர் முதலில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தந்தார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் உற்சாகம் இல்லை, நித்திரை எப்படி, பசி எப்படி என்று போகும் கேள்விகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகிறது என்றும், பசியும் நிறையும் கூடுவதோ குறைவதோ மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று என்றும் சொன்னார். இதைவிட வேறாக, நாள்தோறும் ஊசி, உணவு, எண்கள் என்று ஓய்வில்லாமல் காவல் இருப்பதால் வரும் மனப்பாரம் ஒன்றும் உண்டாம். அதை அளப்பதற்கு அமெரிக்காவில் வில்லியம் பொலொன்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1995 இல் 20 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்குள் நான் தனியே சுமந்ததை உலகில் யாரோ முன்னரே கேள்விகளாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்ததே எனக்குப் பாதி மருந்து.

எனக்கு இரண்டும் இருந்தன. மனச்சோர்வுக்கான மருந்துகளில் சில நிறையைக் கூட்டும் என்பதால், உளநல வைத்தியர் நீரிழிவு வைத்தியரோடு பேசித் தெரிவுசெய்தார். இரண்டு கிளினிக்குகள் ஒரு நோயாளியைப் பற்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்வது எவ்வளவு பெரிய உதவி என்பது இரண்டு கொப்பிகளோடு அலைபவர்களுக்குத்தான் விளங்கும்.

இனி என் தையல்காரத் தங்கச்சி. மெலிந்தபோது என் சட்டைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். மிச்சத் துணியை அவர் வெட்டவே இல்லை. ஒவ்வொரு கக்கத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து, பெரிய ஓட்டமாகத் தைத்து வைத்திருந்தார். பிறகு நான் பருத்து, பழைய சட்டை ஒன்றும் கொள்ளாமல், ஒரு பையில் கட்டிக்கொண்டு கூச்சத்தோடு போனபோது, "தையலை உருவிவிட்டால் சரி, அக்கா. பின்னேரம் வந்து எடுங்கள்" என்றார். அளவு நாடாவை எடுக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் பாடசாலைக்குப் போனேன். உடுக்க ஒன்றும் கொள்ளாததாலேயே நின்றுபோன நாட்கள் எனக்கு இருந்தன. அவர் அதை அறிந்திருக்க நியாயமில்லை.

பாடசாலையில் அதிபருக்கும் சிற்றுண்டிச்சாலை அண்ணனுக்கும் நன்றி. சீனி 70 க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். மனப்பதற்றம் வந்தாலும் அதேதான். எது எதென்று அறிய விரலில் குத்திச் சீனியைப் பார்க்க வேண்டும். அதற்கு அதிபர் தன் அறையையே தந்தார். குறைந்திருந்தால் 15 கிராம் சீனி, 15 நிமிடம் பொறுத்து மறுபடியும் சோதனை என்பது கணக்கு. அந்த அண்ணன் மூன்று கரண்டி சீனி போட்ட வெறும் தேநீரை ஓடிவந்து தருவார். பயத்தில் கண்டதையும் அள்ளி வாயில் போடுவதை இந்தக் கணக்குத்தான் நிறுத்தியது, அதனால் நிறையும் ஒரு நிலைக்கு வந்தது.

என் கணவருக்கு இங்கே எழுதினால் கோபிப்பார். ஆனாலும் எழுதுகிறேன். "இதைச் சாப்பிடாதே" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கே குரக்கன் பிட்டும் கீரையும் மீனும் என்று மாற்றி, தானும் அதையே சாப்பிட்டார்.

பட்டினி கிடந்தால் நீரிழிவு போய்விடும் என்று வீடியோ அனுப்பிய உறவினர்களுக்கும் நன்றி. அக்கறையில்தான் அனுப்பினீர்கள். அந்தப் பேச்சுக்கு அடிப்படையான, பிரித்தானியாவில் 2017 இல் வெளியான ஆய்வைப் பற்றி வைத்தியரிடமே கேட்டேன். மேற்பார்வையோடு நிறையைக் குறைத்தவர்களில் 46 வீதமானோர் ஓராண்டில் மருந்தில்லாமல் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், உடல் பருத்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ஊசியில் இருப்பவர் வீட்டில் தானாகச் செய்து பார்க்கும் காரியம் அல்ல அது. தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்புங்கள்.

விடிகாலையில் டச்பே கடற்கரைக்கு என்னை நடக்க அழைத்துப்போகும் அடுத்த வீட்டு அக்காவுக்கும் நன்றி. நான் பேசாத நாட்களில் அவரும் பேசாமல், மான்களுக்கு வழிவிட்டுக்கொண்டு கூடவே நடந்தார். வெள்ளிக்கிழமைகளில் இப்போது இருவருமாகக் கோயிலுக்கு ஏறுகிறோம்.

இதை வாசிப்பவர்களில் நீரிழிவோடு மெலிந்தோ பருத்தோ மனம் உடைந்திருப்பவர் யாரும் இருந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். எங்கள் ஊர்க் கிளினிக்கில் என்னைக் கண்டால் பக்கத்தில் வந்து இருங்கள். எந்த மிஸ்ஸியிடம் போக வேண்டும் என்று நான் காட்டுகிறேன்.

நன்றியுடன்,
ஓர் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.