மூன்றாவது கிளாரினெட்டிலிருந்து

கண்ணா,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். காலேஜுக்குப் போகும்போது நீ மாடி அலமாரியில் போட்டுவிட்டுப் போன கிளாரினெட்டை நான் எடுத்து வாசிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், கேலியும் செய்து முடித்தாயிற்று. இந்த வசந்தக் கச்சேரிக்கு எங்கள் ஊர் பேண்டு என்ன எடுத்திருக்கிறது என்று மட்டும் நான் சொல்லவில்லை. 'ஆன் அமெரிக்கன் எலிஜி', அந்த இரங்கல் இசை. ஆமாம், ஃபிராங்க் டிக்கெலி எழுதியதுதான். 2019-ல், பத்தாவது படிக்கும்போது, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நீ வாசித்தாயே, அதேதான்.

அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மூன்றாவது வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருந்தவர் தலை மறைக்காமல் உன் முகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பாதியிலேயே மணி பார்த்துவிட்டார். கடைசியில் சத்தம் அடங்கி, மேடையிலும் கீழேயும் யாரும் அசையாமல் இருந்தபோது முதலில் கை தட்டியது நான்தான். காரில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பசி என்று நினைத்து பர்கர் வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் முதல் ரிஹர்சலில் எங்கள் கண்டக்டர் (பாட்டிக்கு இன்னும் இது பஸ் கண்டக்டர்தான்) குச்சியைத் தூக்குவதற்கு முன்னால் கதையைச் சொன்னார். கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு, 1999 ஏப்ரல் 20. அன்று சுட்டுக் கொல்லப்பட்டது 12 மாணவர்கள், ஒரு ஆசிரியர். அந்தப் பள்ளி பேண்டுக்காகக் கல்லூரி பேண்டு மாணவர்களின் சங்கங்கள் இரண்டு முன்னின்று டிக்கெலியிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். மெட்டின் முதல் எட்டு தாளக் கட்டங்கள் அவருக்குக் கனவில் முழுசாக வந்தனவாம். 2000 ஏப்ரல் 23 அன்று, வருஷம் திரும்பி மூன்றே நாளில், அந்தப் பள்ளிப் பிள்ளைகளே அதை முதன்முதலில் மேடையில் வாசித்திருக்கிறார்கள். எப்படி வாசித்தார்களோ! எங்களுக்கு இத்தனை வருஷம் கழித்தும், யாரையும் தெரியாமலேயே, தொண்டை அடைக்கிறது. கிளாரினெட்டில் தொண்டை அடைத்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் பாட்டியிடம் போனில் சொன்னேன். "சாவு வீட்டுப் பாட்டையா இத்தனை மாசம் உட்கார்ந்து படிக்கிறே?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைங்களா செத்தது?" என்று கேட்டார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை.

எனக்கு மூன்றாவது கிளாரினெட். நீ முதல் கிளாரினெட்டில் இருந்தவன், எங்களைப் போன்ற ஆட்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். ஆனால் சத்தமாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ ஒரு நாள்கூடச் சொன்னதில்லையேடா. ஏ சுரத்திலிருந்து பி சுரத்துக்குத் தாண்டுகிற அந்தப் பாழாய்ப்போன இடத்தில் சன்னமாகப் போனால் கீச்சென்கிறது, கீச்சிடக் கூடாதென்று கொஞ்சம் அழுத்தினால் கண்டக்டர் இடது கையைக் கீழே இறக்குகிறார். பக்கத்தில் உட்காருபவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முதல் நாளே என்னிடம், "நீ எங்கே மூச்சு எடுப்பாய்?" என்று கேட்டார். எங்கே வருகிறதோ அங்கே என்றேன். அப்படிக் கூடாதாம், இரண்டு பேரும் ஒரே இடத்தில் எடுத்தால் சத்தத்தில் ஓட்டை விழுமாம். பென்சிலை எடுத்து, தாளில் அவருக்கு ஒரு குறி, எனக்கு ஒரு குறி போட்டுக் கொடுத்தார். இப்போது என் மூச்சு முடிகிற இடத்தில் அவர் வாசிப்பது காதில் கேட்கிறது. நீண்ட சுரமெல்லாம் ஒரே ஆள் விடாமல் வாசிப்பது போல இருப்பது இதனால்தான் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

அடித் தொண்டையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவது, ஹார்ன்கள் மெட்டைத் தொடங்குவது, அப்புறம் நாலு பக்கமிருந்தும் ஒன்றின்மேல் ஒன்றாகத் துரத்திக்கொண்டு போய் அந்தப் பள்ளியின் கீதத்தில் முட்டுவது, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வருவதை. எல்லாரும் தணிந்தபின் மேடைக்கு வெளியிலிருந்து ஒரு டிரம்பெட் மட்டும் கேட்குமே, அது. எங்கள் டிரம்பெட்காரர் வராந்தாவில் நிற்கிறார், கண்டக்டர் கை தெரிய வேண்டும் என்பதற்காகக் கதவை ஒரு நாற்காலி வைத்துத் திறந்து வைத்திருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை அந்த இடம் முடிந்ததும் கண்டக்டர் நிறுத்திவிட்டார். ஹார்ன் வாசிக்கிற ஒரு பெண் டீச்சர், சின்ன வயசு, தன்பாட்டுக்குச் சொன்னாள்: லாக்டவுன் டிரில்லில், துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் ஒளிந்துகொள்ளப் பழக்குவார்களே, அதில் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது, இருட்டில் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன் என்று.

எனக்கு உடனே நீ ஒன்பதாவது படித்த வருஷம் ஞாபகம் வந்தது. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்ற வாரம். ராத்திரி சாப்பிடும்போது நீயாகவே சொன்னாய், "எங்க பேண்டு கிளாஸுக்கு ட்யூபா வைக்கிற ரூம்தான்மா. நல்ல இடம், ஜன்னலே கிடையாது." ஏதோ நல்ல சீட்டு கிடைத்த மாதிரி. நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. "சாப்பிடு, ரசம் ஆறுது" என்றேன்.

கேட்டிருக்க வேண்டும். பயந்துபோய்த்தான் கேட்கவில்லை. கேட்டு, நீ பதில் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் உன்னை எப்படி அந்த வாசலில் இறக்கிவிடுவது?

போன செவ்வாய் ரிஹர்சல் முடிந்து வீட்டுக்கு வந்து பழைய வீடியோவைத் தேடி எடுத்தேன். போனை ஆட்டி ஆட்டித்தான் எடுத்திருக்கிறேன், ஆனாலும் டிரம்பெட் வருகிற இடம் தெளிவாக இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கண்டக்டரைப் பார்க்கிறார்கள். நீ மட்டும் தலையைத் திருப்பி, டிரம்பெட் சத்தம் வருகிற கதவைப் பார்க்கிறாய், நாலைந்து நொடி. அதை நான் இப்போதுதான் பார்த்தேன், அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

கச்சேரி ஏப்ரல் கடைசி ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு. டிக்கெட் போட்டு வா என்று சொல்லவில்லை, வேலை இருக்கும். நேரலையிலும் வரும், இரண்டாவது வரிசையில் இடது ஓரத்தில் பார். அதற்கு முன்னால் ஒரு நாள் போன் பண்ணு. அந்தக் கதவைப் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்று சொல்லு, இல்லை அந்த ட்யூபா ரூமைப் பற்றிச் சொல்லு, எதுவானாலும் சரி. ரசம் ஆறினால் ஆறட்டும்.

அம்மா