மூன்று பேர் பெயர் தாங்கிய கல்லுக்காக, ஊராருக்கு ஒரு நன்றி மடல்

உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

கொடிநாளான டிசம்பர் 7ஆம் தேதி ஊர் முகப்பில் கல் நட்டோம். பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பாத தாத்தா, 1971 போரில் இறந்த பெரியவர், காஷ்மீர் எல்லையில் இறந்த என் அண்ணன் என்று மூன்று பேர் பெயர் அதில் இருக்கிறது. அன்றைக்கு மைக்கைக் கையில் கொடுத்தும் எனக்குப் பேச்சு எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கல் கொத்திய ஆசாரிக்கு. எழுத்து எப்படி வேண்டும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணனின் கறுப்பு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். சிதை மூட்டும் முன் அவன் மேலிருந்து எடுத்து, மடித்து அம்மா கையில் கொடுத்த தேசியக்கொடி அதற்குள்தான் இருக்கிறது. மூடியின் உட்புறம் வெள்ளை பெயின்டில் தன் பெயரைத் தமிழில் எழுதியிருப்பான். இடம் போதாமல் கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ஆசாரி அதன்மேல் தாளை வைத்து அப்படியே படியெடுத்தார். "இறங்குனது இறங்குனபடியே இருக்கட்டும்ப்பா" என்றார். கல்லைப் பார்த்ததும் அம்மா சொன்னது இரண்டே சொல்: "அவன் எழுத்து." ஆசாரி கூலி வாங்கவில்லை.

அப்புறம், எங்கள் தமிழ் ஐயா. 'மாவீரன்', 'தியாகச் சுடர்' என்றெல்லாம் எழுத நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அவர் ஆண்டிபட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பை நடுகல்லைப் பற்றிச் சொன்னார். 2006இல் கண்டெடுத்தது, இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. கூடலூர் ஆநிரை (மாட்டு மந்தை) சண்டையில் இறந்தவனின் கல் என்று ஊரும் சண்டையும் பேரும் மட்டும் அதில் இருக்கின்றன. "அடைமொழியா அவனை இத்தனை காலம் காப்பாத்துச்சு?" என்று கேட்டார். அடைமொழிகளை எடுத்துவிட்டோம். அது சரியான முடிவு என்று கல் முன்னால் நிற்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

சுபேதாராக ஓய்வு பெற்ற மாமாவுக்கு எப்படி நன்றி சொல்ல? மனு எழுதியது, அலுவலகங்களுக்கு அலைந்தது, பியூகிள் வாசிக்க ஆள் பிடித்தது எல்லாம் அவர்தான். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சின் பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமென்ட் 19ஆவது பட்டாலியன்காரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் ஒரு பையன் நம் மதுரை மாவட்டம், இன்னொருவர் தேனி. ஆறாவது நாள் அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். அந்த நாட்களில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மாமா தினமும் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து, டிவியில் சொன்னதை அம்மாவுக்கு விளங்கும்படி சொல்லுவார். 11ஆம் தேதி ஹனுமந்தப்பாவும் டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்தபோது, அந்தச் செய்தியையும் அவரேதான் வந்து சொன்னார்.

நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார் ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்தார்கள். வெயிலில் அசையாமல் நின்ற என்சிசி பிள்ளைகள், மாட்டுத்தாவணியிலிருந்து மல்லிகைப்பூ கொண்டுவந்து காசு வாங்காமல் போன தம்பி, எல்லோருக்கும் நன்றி.

செலவு போக 2,140 ரூபாய் மிச்சம் இருக்கிறது. கல்லுக்கு மேலே ஒரு லைட் போடலாம் என்று அம்மா சொல்கிறாள். கணக்கு நோட்டு டீக்கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.