கரடி வேஷத்தில் ஓடப் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்னதை உன் அம்மா இன்னும் முழுசாக நம்பவில்லை. பத்து கிலோமீட்டர் ஓடுவது புரிகிறது, நோயுற்ற குழந்தைகளுக்காக நன்கொடை திரட்டுவதும் புரிகிறது, இதற்கு நடுவில் கரடி எங்கிருந்து வந்தது என்கிறாள். சிவபூஜையில் கரடி புகுந்ததைக் கேட்டிருக்கிறாளாம், ஓட்டப் பந்தயத்தில் புகுவது இதுதான் முதல் தடவையாம். எனக்கு ஆச்சரியமில்லை. பந்தயங்களில் தண்ணீர் கொடுக்கிற மேஜைக்குப் பின்னால் பல வருஷம் நின்றவன் நான். பென்சில், பெங்குவின், தீயணைப்பு வண்டி எல்லாம் என் கையிலிருந்து கோப்பை வாங்கிப் போயிருக்கின்றன. அவர்களில் சிலரை நிழலில் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றியதும் உண்டு. இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன்னைத் தடுக்க எழுதவில்லை. ஓடு. ஆனால் அந்தக் கரடித் தலையைப் பற்றி ஒரு முடிவை இப்போதே எடுத்துவிடு.

மாஸ்காட் வேஷம், அதாவது ஓர் அமைப்பின் சின்னமான பொம்மை உருவ வேஷம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. குழந்தைகள் பார்க்கிற இடத்தில் தலையைக் கழற்றக் கூடாது, வாயைத் திறந்து பேசக் கூடாது. நல்ல சட்டம்தான். கரடியின் கழுத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டும் ஒரு மனுஷ முகம் வந்தால் மூன்று வயசுக் குழந்தை அலறிவிடும். ஆனால் அது மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் ஏற்பட்ட சட்டம். அங்கே கொஞ்ச நேரம் கையாட்டிவிட்டு, ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போக, உள்ளறையில் தலையைக் கழற்றி மின்விசிறிக்கு முன்னால் உட்காரலாம். சாலையில் அப்படி ஓர் அறை கிடையாது. நீ ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருக்கப் போகிறாய், அதுவும் ஓடிக்கொண்டு. அதனால் நீ நன்கொடை திரட்டித் தரும் அந்தத் தொண்டு நிறுவனத்தில் உன்னோடு பேசுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு: தேவைப்பட்டால் நடுச்சாலையிலேயே தலையைக் கழற்றுவேன், சுற்றி எத்தனை குழந்தைகள் நின்றாலும் சரி. அவர் முகம் சுளித்தால் வேறு கரடியைத் தேடிக்கொள்ளட்டும்.

ஏன் இப்போதே என்று கேட்பாய். உடம்பு அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் தடுமாறுவது புத்திதான். உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, திசை தெரியாமல் போனால் அது வெப்பத் தாக்கு, உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் இருப்பவரைக் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார். நான் கேட்டிருக்கிறேன், அதே பதில்தான் வந்தது. ஆகையால் தலையைக் கழற்றுகிற அதிகாரம் உன்னிடம் மட்டும் இருக்கக் கூடாது. உன் கூட ஓடுவதாகச் சொன்னாயே, அந்தத் தோழியிடம் கொடு. அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் நீ கட்டைவிரலை உயர்த்த வேண்டும். உயர்த்தவில்லை என்றால் அவள் கேள்வி கேட்காமல் தலையை எடுத்துவிடட்டும். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், வேஷத்தை வெட்டியாவது எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரில் உடம்பை ஆற்ற வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். முதலில் ஆற்றுவது, பிறகுதான் ஏற்றிக்கொண்டு போவது.

ஓடும்போது நாம் எரிக்கிற சக்தியில் கால்வாசி அளவுதான் ஓட்டமாக மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரி அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தால் பிரயோஜனமில்லை. கரடி உடம்புக்குள்ளே காற்று நகராது, ஈரம் தங்கிவிடும், வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. வெளியே என்ன வெயில் என்பதைவிட உள்ளே என்ன வெயில் என்பதுதான் உன் கணக்கு. 2018இல் லண்டன் மாரத்தான் நடந்த அன்று வெப்பம் 24.1 டிகிரி. கேட்டால் இதமான நாள் போலத்தான் இருக்கும். அதற்கே, வேஷத்தோடு ஓடுவதை மறுபடி யோசியுங்கள் என்று ஓட்டக்காரர்களிடம் அமைப்பாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். அன்றைய தினம் சூடாக இருந்தால் நீ கரடியின் காதை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடு. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

லண்டன் என்றதும் அந்தக் காண்டாமிருகங்கள் ஞாபகம் வருகின்றன. 1992லிருந்து, காண்டாமிருகங்களைக் காப்பாற்றப் பணம் திரட்டும் ஓர் அமைப்புக்காக ஆட்கள் அந்த வேஷத்தில் அங்கே மாரத்தான் ஓடுகிறார்கள். சுமார் 10 கிலோ எடையாம். அதைச் சுமந்துகொண்டு 42 கிலோமீட்டர்! படத்தில் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம்: கால்கள் வெளியே இருக்கும். உடம்புதான் காண்டாமிருகம், கால் ஓட்டக்காரருடையது. உன் கரடி அப்படி இல்லை. நின்று கையாட்டத் தைத்த வேஷம் அது. தொடை முழுக்கப் பஞ்சு, பாதத்துக்குத் தலையணை மாதிரி ஒரு செருப்பு, விரல் அசையாத கையுறை. இவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பாதத்தை விட்டுவிடு. உன் ஓட்டக் காலணிதான். வேண்டுமானால் மேலே ஒரு பழுப்புத் துணியைச் சுற்றிக்கொள். வயிற்றுக்குள் அடைத்திருக்கும் பஞ்சில் எடுக்க முடிந்ததை எடுத்துவிடு. கையுறையை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடு, கோப்பை பிடிக்கக் கை வேண்டும். தலைக்குள் ஒரு சைக்கிள் ஹெல்மெட்டை வைத்துப் பொருத்தினால் ஆடாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கரடி மூக்கு உன் மூக்கை இடிக்கும். உச்சியிலும் பின்கழுத்திலும் ரோமத்துக்கு அடியில் வலை வைத்த காற்றுத்துளை வேண்டும், அது வெளியே தெரியவே தெரியாது. பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி வைப்பவர்களும் உண்டு. காற்றுத்துளை இல்லாமல் விசிறி மட்டும் வைத்தால் அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், வேஷம் அந்தத் தொண்டு நிறுவனத்துடையது. கத்திரிக்கோலை எடுக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்கு.

உனக்குப் பார்வை கரடியின் வாயில் இருக்கும் வலை வழியாகத்தான். நேரே தெரியும். பக்கவாட்டில் தெரியாது, காலடி சுத்தமாகத் தெரியாது. சாலை ஓட்டத்தில் விழவைப்பதெல்லாம் காலடியில்தான் இருக்கும்: நடைபாதை விளிம்பு, வேகத்தடை, தண்ணீர் மேஜைக்குப் பக்கத்தில் எறிந்து கிடக்கும் கோப்பைகள், திடீரென்று கையைத் தட்ட ஓடிவரும் குழந்தை. தோழி உன் இடது பக்கம் என்றால் கடைசிவரை இடது பக்கமே ஓடட்டும். "மேடு", "வளைவு", "குழந்தை" என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லட்டும். காதில் பாட்டு வேண்டாம்.

பயிற்சியை இப்படிச் செய்: முதலில் வெறும் ஓட்டம், பத்து கிலோமீட்டர் உனக்குச் சலிப்புத் தட்டுகிற அளவுக்கு. அப்புறம் உடம்பு வேஷம் மட்டும், குறைந்த தூரம். கடைசியாகத்தான் தலை, அதுவும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். முழு வேஷத்தில் முழு தூரத்தையும் ஒத்திகை பார்க்கத் தேவையில்லை. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும், அதனால் கடைசி நாளில் அவசரமாகப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. உராய்கிற இடங்களில் வாசலைன் தடவு. அக்குள், தொடை எல்லாருக்கும் தெரியும். நெற்றியையும் தாடையின் அடியையும் மறந்துவிடாதே.

தண்ணீர் விஷயத்தில் பயந்துபோய்க் குடம் குடமாகக் குடிக்காதே. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகிவிடும். தாகத்துக்குக் குடி. நீளமான உறிஞ்சுகுழல் ஒன்றைத் தோழியிடம் கொடுத்து வை.

வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று நினைக்கிறேன். லாயிட் ஸ்காட் என்று ஒருவர், தீயணைப்பு வீரராக இருந்தவர், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். ஆழ்கடலில் முக்குளிப்பவர்கள் அந்தக் காலத்தில் போட்ட செம்புத் தலைக்கவச உடையில் 2002இல் லண்டன் மாரத்தானை முடித்தார். ஏறத்தாழ 50 கிலோ எடை. எடுத்துக்கொண்டது 5 நாளும் 8 மணி நேரமும். அவ்வளவு கனத்தைச் சுமந்தவர் கடிகாரத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நீ நடக்கலாம். நின்று மூச்சு வாங்கலாம். கரடி நடந்தால் குழந்தைகளுக்கு இன்னும் சந்தோஷம், தொட்டுப் பார்க்க நேரம் கிடைக்கும். ஆனால் பயப்படுகிற குழந்தையிடம் நீயாகப் போகாதே, தள்ளி நின்று கையாட்டு போதும். பெரியவர்களில் சிலர் தலையில் தட்டுவார்கள், வாலை இழுப்பார்கள். அவர்களைத் தோழி பார்த்துக்கொள்ளட்டும்.

புறப்படும்போது கூட்டத்தின் கடைசியில், ஓரமாக நில். உன் அகலம் உனக்குத் தெரியாது. 2019இல் அதே லண்டனில் பிக் பென் மணிக்கூண்டு வேஷத்தில் ஓடி வந்த ஒருவர், கடைசிக் கோட்டின் வளைவுக்குள் நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டார். பணியாளர் ஒருவர் உதவித்தான் கோட்டைத் தாண்டினார். அத்தனை தூரமும் வானம்தான் கூரை, கடைசி அடியில் இடித்தது!

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். சாலையோரம் நிற்பவர்களுக்குக் கரடி ஞாபகம் இருக்கும், எதற்காக ஓடியது என்பது ஞாபகம் இருக்காது. என் மேஜைக்கு வந்த பெங்குவின் எந்த அமைப்புக்காக ஓடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அமைப்பின் பெயரை வயிற்றிலும் முதுகிலும் கையகல எழுத்தில் தைத்துவிடு. முதுகு முக்கியம், உன்னை முந்திப்போகப் போகிறவர்கள் அத்தனை பேரும் முதலில் முதுகைத்தான் பார்ப்பார்கள். வேஷத்துக்கு ஆகும் செலவை உன் கையிலிருந்து போடு, திரட்டிய பணத்தில் ஒரு காசு கூட அதற்குப் போக வேண்டாம். பணம் கொடுக்கிறவர்களிடம், நான் ஓடி முடித்தாலும் பாதியில் நிறுத்தினாலும் இது குழந்தைகளுக்குப் போய்விடும் என்று முதலிலேயே எழுதிவிடு. அப்படி எழுதிவிட்டால் ஏழாவது கிலோமீட்டரில் கடன்பட்டவள் மாதிரி உணர மாட்டாய்.

முடித்ததும் எல்லாரும் படம் எடுக்க வருவார்கள். முதலில் தலையைக் கழற்று, தண்ணீர் குடி, உட்கார். படம் அப்புறம்.

பந்தய எண் அட்டையின் பின்பக்கம் ரத்த வகை, ஒவ்வாமை எழுத இடம் இருந்தால் எழுது. அது ரோமத்தின் மேல் குத்தியிருக்கும், வேஷத்தை வெட்டி எடுத்தால் அதோடு போய்விடும். அதே விவரத்தை மணிக்கட்டிலும் ஒரு பட்டையில் கட்டிக்கொள். விண்ணப்பத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் வழக்கம்போல என் எண்ணைப் போட்டிருப்பாய். அதை மாற்றிவிடு. நான் இங்கிருந்து கிளம்பி வந்து சேர ஒரு நாள் ஆகும். அன்றைக்குக் கடைசிக் கோட்டில் யார் நிற்கப் போகிறார்களோ அவர்கள் எண்ணைப் போடு. யார் என்று எனக்கும் எழுது, அம்மா அவர்களோடு ஒரு தடவை பேச வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா