கிரிப்டோவை விட அந்தச் சம்பள கார்டு பெரிய விஷயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வளைகுடா மன்னராட்சிகளும் டிஜிட்டல் பணமும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்களில் பெரிய குறை இல்லை. ஆனால் தேர்தல், எதிர்க்கட்சி, பாராளுமன்ற இழுபறி எதுவும் இல்லாததால்தான் அவர்களால் இவ்வளவு வேகமாக ஓட முடிகிறது என்கிற ரீதியில் கட்டுரையாளர் முடித்திருந்தாரே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நம்ம ஊரில் யுபிஐ வந்தது 2016இல். எமிரேட்ஸில் (ஐக்கிய அரபு அமீரகத்தில்) அதே மாதிரி உடனடிப் பணப் பரிமாற்றத்துக்கான 'ஆனி' வந்தது 2023 அக்டோபரில். அவர்கள் சொந்தமாகக் கொண்டுவந்த 'ஜெய்வான்' கார்டு இருக்கிறதே, அதுவே நம்ம ரூபே தொழில்நுட்பத்தை வைத்துக் கட்டியதுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு அடித்துக்கொள்கிற நாடு அவர்களுக்கு ஏழு வருடம் முன்னாலேயே செய்துவிட்டது, அப்புறம் எங்கே இருக்கிறது இந்த ராஜ வேகம்?

மன்னர்கள் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. பஹ்ரைனுக்கு எண்ணெய் கொஞ்சம்தான், அதனால் வேறு வழி தேடி 2017இலேயே புது நிதி நிறுவனங்கள் சோதனை செய்து பார்க்க இடம் கொடுத்தது. குவைத் 2023இல் கிரிப்டோவுக்குத் தடை போட்டது. மொராக்கோ 2017இலேயே போட்டுவிட்டது. மலேசியாவில் ஒன்பது சுல்தான்கள் ஐந்து வருடத்துக்கு ஒருவராக முறை வைத்து மன்னராகிறார்கள், அங்கே 2022இல் ஐந்து டிஜிட்டல் வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது நிதியமைச்சரும் அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாராவும், அரண்மனை அல்ல. ஆக, ராஜா இருக்கிறார் என்பதை வைத்து எந்த நாடு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

ராஜா இருப்பதால் வேறு ஒன்று நடக்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. எமிரேட்ஸ் அதிபர் முகமது பின் சயீதின் தம்பி மன்சூர்தான் மத்திய வங்கியின் தலைவர். இன்னொரு தம்பி தஹ்னூன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், எம்ஜிஎக்ஸ் என்கிற அபுதாபி முதலீட்டு நிறுவனத்துக்கும் அவர்தான் தலைவர். அந்த எம்ஜிஎக்ஸ் 2025 மார்ச்சில் பைனான்ஸ் என்கிற கிரிப்டோ சந்தையில் 200 கோடி டாலர் போட்டது. இந்த பைனான்ஸ்தான் 2023 நவம்பரில் அமெரிக்காவில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தை மீறியதை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் கட்டச் சம்மதித்த கம்பெனி. போட்ட பணமும் சாதாரண டாலராகப் போகவில்லை, டிரம்ப் குடும்பத்தோடு தொடர்புள்ள நிறுவனம் வெளியிட்ட டிஜிட்டல் டாலராக, அதாவது டாலர் மதிப்போடு கட்டிவைத்த கிரிப்டோ நாணயமாகப் போனது. இதில் தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடுவரும் ஆட்டக்காரரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் சந்தேகத்தை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் கேட்கிறேன்.

பெரிய முதலீட்டாளருக்கு அந்தக் கவலை இல்லை, அவருக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2004இல் துபாய் நிதி மையத்தை ஆரம்பித்தபோது அதற்காக அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த வளாகத்துக்குள் தனிச் சட்டம், ஆங்கிலத்தில் நடக்கும் தனி நீதிமன்றம். அபுதாபியின் நிதி மையம் இங்கிலாந்துச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. பணம் போடுகிறவனுக்கு நம்பிக்கை வர என்னவெல்லாம் வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, வேலை செய்கிறவனுக்கு என்ன செய்தார்கள்? செய்தார்கள், அதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த மன்னராட்சிகள் இந்தத் துறையில் செய்த உருப்படியான காரியம், அதைப் பற்றித்தான் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

2009இல் எமிரேட்ஸில், சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கிலோ சம்பள கார்டிலோ போட வைக்கிற சம்பளப் பாதுகாப்பு முறை வந்தது, டபிள்யூபிஎஸ் என்றால் வளைகுடாவில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சவுதி 2013இலும் கத்தார் 2015இலும் அதையே கொண்டுவந்தன. அதற்கு முன்னால் சம்பளம் கவரில் வரும், அல்லது வராது, முதலாளி "புக்ரா" என்பார், நாளைக்கு நாளைக்கு என்று மூன்று மாசம் ஓடிவிடும். நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவன், மாசாமாசம் அதற்கான சம்பள விவரப் பட்டியலை, சிஃப் ஃபைல் என்பார்கள், அடித்தது நான்தான். ஆளுக்கு ஒரு வரி: லேபர் கார்டு நம்பர், வங்கி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நிலையான சம்பளம் எவ்வளவு, கூடக்குறைய வருவது எவ்வளவு, லீவு எத்தனை நாள். ஃபைல் போனதும் பணம் கார்டில் ஏறும், ஏறியதா இல்லையா என்று தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தெரிந்துவிடும். ஏறவில்லை என்றால் கம்பெனிக்குப் புது விசா நின்றுவிடும், கம்பெனியின் அரசாங்க வேலைகளைப் பார்க்கிற மந்தூப் ஆபீசுக்கும் அமைச்சகத்துக்கும் ஓடுவார். எந்தச் சங்கமும் இல்லாத ஊரில் முதலாளியைப் பயப்பட வைத்தது அந்த ஃபைல்தான்.

ஆனால் பணம் ஏடிஎம்மை விட்டு வெளியே வந்த பிறகு என்ன நடக்கிறது என்று எந்த ஃபைலும் சொல்லாது. தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்ப்பில் கார்டுகள் எல்லாம் அதைக் கவனிக்கிற கேம்ப் பாஸின் டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் சின்னச் சீட்டில் பின் நம்பர். சம்பள நாளில் சூப்பர்வைசர் ஒருவரே மெஷின் முன்னால் நின்று ஒவ்வொரு கார்டாகப் போட்டு எடுப்பார், சாப்பாட்டுக்கு இவ்வளவு, விசா செலவுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். அமைச்சகத்தின் கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் முழுச் சம்பளம். புகார் கொடுக்க வழி இல்லாமல் இல்லை, 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே இறுதி முடிவு சொல்லலாம் என்று 2024இல் மாற்றியது நல்ல காரியம். விசா முதலாளி கையில் இருக்கும்போது எத்தனை பேர் போவார்கள் என்பது வேறு கதை.

2020 மார்ச்சையும் மறந்துவிட்டார் கட்டுரையாளர். லட்சக்கணக்கானவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பிய யுஏஇ எக்ஸ்சேஞ்ச், தாய் நிறுவனத்தின் நிதிச் சிக்கல் வெளியே தெரிந்த சமயத்தில், புதிதாகப் பணம் வாங்குவதை நிறுத்தியது. பிறகு மத்திய வங்கி மேற்பார்வைக்கு எடுத்தது. அந்த நிறுவனம் சம்பள கார்டுகளும் நடத்தியது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இந்த முறைக்குள் ரொம்ப நாள் வரவே இல்லை. சவுதியில் அவர்கள் சம்பளத்தையும் மின்னணு முறையில்தான் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்திலிருந்து போகிற பெண்களுக்கு இது தெரியுமா, அவர்கள் பெயரில் கணக்கு இருக்கிறதா, போன் யார் கையில் இருக்கிறது என்று உங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதினால் நல்லது. இப்போது கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: பின் நம்பரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், முடிந்தால் கம்பெனி கார்டுக்குப் பதில் சொந்தமாக வங்கிக் கணக்கு திறந்து அந்த எண்ணை ஃபைலில் போடச் சொல்லுங்கள், போடலாம், நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வளைகுடாவிலிருந்து திரும்பிய வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்